தலைவலி தவமாகுமா?

திங்கட்கிழமை காலையில் இட்லியையும் சோற்றையும் சர்க்கரையையும் நிறுத்தியவருக்குப் பெரும்பாலும் புதன்கிழமை தலை வலிக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டும், மாடிப்படி ஏறினால் தொடை கனக்கும், இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும், காலைக்கடன் தள்ளிப்போகும், வீட்டில் யார் எதைக் கேட்டாலும் எரிந்து விழத் தோன்றும். பேலியோ என்றாலும் கீட்டோ என்றாலும் மாவுச்சத்தைச் சடாரென்று குறைப்பவர்களில் பலர் இந்த முதல் வாரத்தைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ புத்தகமும் அதையொட்டி எழுந்த பேச்சும் பரவியபின், சென்னைப் புறநகரில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் பக்கங்களில் 100 பாதாமும் பட்டர் டீயும் காலிஃபிளவர் சாதமும் யாருக்கும் புதிய பேச்சு இல்லை. அதற்கான தேவையும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. எனவே அரிசியைக் குறைக்க நினைப்பவரை யாரும் குறை சொல்ல முடியாது. நான் இங்கே எடுத்துக்கொள்வது, அந்தப் புதன்கிழமைத் தலைவலிக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் விளக்கத்தை: “உடம்புல இருக்கிற கழிவெல்லாம் வெளியேறுது, பொறுத்துக்கோங்க.” ஆறுதலாகச் சொல்லப்படும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் பழைய சமயக் கேள்வி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. படுகிற துன்பம் நம்மைத் தூய்மையாக்குகிறதா? நல்ல காரியத்தின் தொடக்கத்தில் வரும் வலிக்கு ஒரு பொருள் இருக்கிறதா? இந்தத் தலைவலிக்குக் காரணம் உண்டு, பொருள் இல்லை என்பது என் வாதம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால் உடம்பும் கெடுகிறது, விரதம் என்ற நல்ல வழக்கத்தின் மதிப்பும் குறைகிறது.

காரணத்தை முதலில் பார்த்துவிடலாம். நாம் தின்னும் மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கின்றன. வளர்ந்த ஒருவரிடம் அது ஏறத்தாழ அரைக்கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னுடன் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. மாவுச்சத்து நின்றதும் உடம்பு இந்தச் சேமிப்பைச் செலவழிக்கிறது, கூடவே தண்ணீரும் போகிறது. முதல் வாரத்தில் எடை மெஷின் காட்டும் மகிழ்ச்சியான இறக்கத்தில் பெரும்பகுதி இதுதான். இன்னொரு பக்கம், இன்சுலின் அளவு இறங்குகிறது. சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் தக்கவைத்துக்கொள்ள இன்சுலினும் ஒரு காரணமாக இருந்தது; அது இறங்கியதும் சோடியம் சிறுநீரில் கூடுதலாகப் போகிறது, பொட்டாசியமும் ஓரளவு உடன் போகிறது. இரத்தத்தின் கன அளவு சற்றுக் குறைகிறது. தாம்பரத்தில் ரயில் ஏறி இடம்பிடித்து உட்கார்ந்து வந்தவர் கிண்டியில் இறங்க எழும்போது ஒரு நொடி கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான். எழுந்து நிற்கும்போது காலுக்கு இறங்கும் இரத்தத்தை மூளைக்கு ஏற்றும் அழுத்தம் அந்த நொடியில் போதவில்லை. மூளையும் தசையும் கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களை எரிபொருளாக்கப் பழகுவதற்குச் சில நாள், சிலருக்குச் சில வாரம் பிடிக்கிறது. சோர்வில் ஒரு பங்கு அதைச் சேரும். கீரையும் காயும் போதாமல் முட்டையும் பனீருமாகவே தின்றால் மலச்சிக்கல் வருவதில் வியப்பில்லை. ஆக, ஏதோ வெளியேறுகிறது என்பது என்னவோ உண்மைதான். ஆனால் வெளியேறுவது கழிவு அல்ல, உடம்புக்கு வேண்டிய உப்பு.

உப்பு என்று தெரிந்துவிட்டால் செய்யவேண்டியதும் தெரிந்துவிடுகிறது. ஒரு டம்ளர் நீர்மோரில் கால் தேக்கரண்டி உப்பு, கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை, தட்டிப்போட்ட இஞ்சி, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உப்புப் போட்ட எலும்பு சூப், மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் கீரையில் தினம் ஒன்று, தாகத்துக்குத் தண்ணீர். ஒரே நாளில் நிறுத்தாமல் இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறைத்தால் பாதித் தொல்லை வராமலே போகலாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும், சிறுநீரக, இதய நோய் உள்ளவர்களும் உப்பைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும். இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கும் சர்க்கரைக்காரர்கள் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கோ, சர்க்கரை பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு; வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் அவர்கள் இருக்கவேண்டிய இடம் மருத்துவமனை. காரணத்தைச் சரிசெய்தால் உடம்பு தேறும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1928இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை மேற்பார்வையில் ஓராண்டு இறைச்சி மட்டுமே தின்று காட்ட முன்வந்தார் துருவப் பயணி ஸ்டெஃபான்சன். தொடக்கத்தில் கொழுப்பு நீக்கிய இறைச்சியைக் கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாளில் குமட்டலும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிட்டார். கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். அவருடைய உடம்பு பட்ட பாட்டைச் சுத்திகரிப்பு என்று சொல்லிப் பொறுத்திருக்கச் செய்திருந்தால், அந்தச் சோதனை முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும்.

இவ்வளவு தெளிவான காரணம் இருந்தும் மனம் ஏன் பொருளைத் தேடுகிறது? உணவைத் துறப்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே மொழி விரதத்தின் மொழி என்பதால் என்று நினைக்கிறேன். திருநீர்மலையில் வைகுண்ட ஏகாதசிக்குக் கூடுகிறவர்களில் பலர் அன்று அரிசியைத் தொடமாட்டார்கள். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் இருப்பவர்கள், கார்த்திகையில் மாலை போட்டு 41 நாள் இருப்பவர்கள், பரங்கிமலைக்குத் தவக்காலத்தில் ஏறுபவர்கள், ரமலானில் விடியலுக்கு முன் எழுந்து உண்டு நோன்பு வைப்பவர்கள் என்று இந்தப் புறநகரின் ஒவ்வொரு தெருவிலும் உணவைக் கட்டுப்படுத்தத் தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பசியைச் சுமந்து பழகியவர்கள். அந்தச் சுமை வீணில்லை என்றும் நம்பியவர்கள். அந்தப் பழக்கம் மதிப்புக்குரியது. அரிசியைக் குறைக்கும்படி ஒரு மருத்துவரோ புத்தகமோ சொல்லும்போது, அதை அவர்கள் ஒரு நோன்பாக ஏற்றுக்கொள்வது இயல்பு. பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ எழுதியபோதும் உணவு ஒழுக்கமும் உயிரின் ஒழுக்கமும் அவருக்குப் பிரிக்க முடியாத ஒன்றாகவே இருந்தன. உணவில் அறத்தைப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. வலியில் அறத்தைப் பார்ப்பதுதான் சிக்கல்.

இந்தப் பிரிவை வள்ளுவரைவிடத் தெளிவாகச் செய்தவர் இல்லை. தவம் என்ற அதிகாரத்தின் முதல் குறளே தவத்தின் வடிவத்தைச் சொல்கிறது: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது. பொறுத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் இந்தக் குறளைத் துணைக்கு அழைக்கலாம். ஆனால் அது இருக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். தவம் அறத்துப்பாலில், துறவறவியலில் இருக்கிறது. மருந்து பொருட்பாலில் இருக்கிறது. மருந்து அதிகாரத்தில் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு குறளும் இல்லை. நோய் இன்னது என்று பார், அதன் காரணத்தைப் பார், அதைத் தணிக்கும் வழியைப் பார், பிறகு பொருந்தச் செய் என்பதே அங்கே பேச்சு. இரண்டையும் எழுதியது ஒரே கை. துன்பத்தைத் தாங்கும் வலிமையைப் போற்றியவர், நோயில் தாங்குவதைப் போற்றவில்லை, தணிப்பதைச் சொன்னார். புதன்கிழமைத் தலைவலி தவம் சொல்லும் 27ஆம் அதிகாரத்தைச் சேர்ந்ததல்ல, மருந்து சொல்லும் 95ஆம் அதிகாரத்தைச் சேர்ந்தது. தவ அதிகாரத்துக்குள்ளேயே நின்று பார்த்தாலும், அந்தக் குறளின் மறுபாதி மிச்சமிருக்கிறது. உப்புக் குறைந்து தலை வெடிக்க, மனைவியிடமும் பிள்ளையிடமும் அலுவலகத்தில் கடைநிலை ஊழியரிடமும் நான்கு நாள் சீறிக்கொண்டிருப்பவர் தன் துன்பத்தைப் பொறுக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதை அவர் பிறர்மேல் இறக்கிவைத்துக்கொண்டிருக்கிறாரே.

சமயங்களும் வலியை வலிக்காகக் கேட்கவில்லை. குர்ஆன் நோயாளியையும் பயணியையும் நோன்பிலிருந்து விடுவித்து, வேறு நாட்களில் ஈடுசெய்ய வழி சொல்கிறது. உடலை எலும்பாக்கும்வரை ஒடுக்கிய சித்தார்த்தர், அந்த வழி எங்கும் கொண்டுசேர்க்காது என்று கண்டு சுஜாதை தந்த பாற்சோற்றை ஏற்றார். அதன் பிறகுதான் போதி மரத்தடி. திருமூலர் உடம்பை இழுக்கு என்று நினைத்திருந்த நிலையிலிருந்து, அதனுள் உறையும் இறைவனுக்காக அதைப் பேணும் நிலைக்கு வந்ததைச் சொல்கிறார். நம் காலத்தின் மிகப் பெரிய உண்ணாநோன்பாளர் காந்தி. 1943 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகைச் சிறையில் 21 நாள் நோன்பு இருந்தபோது, வெறும் தண்ணீரைக் குடிக்க முடியாமல் குமட்டியது. தண்ணீரில் பழச்சாறு கலந்து அருந்தினார். அதனால் அந்த நோன்பின் வலிமை குறைந்ததாக அவரும் நினைக்கவில்லை, நாடும் நினைக்கவில்லை. துறந்தது எது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. குமட்டலைக் காப்பாற்றிவைப்பது அவர் எடுத்துக்கொண்ட நோன்பில் இல்லை. அரிசியை விட்டவரும் அப்படித்தான். அவர் விட்டது அரிசியை. மோரில் உப்புப் போட்டுக் குடிப்பதால் அவருடைய விரதத்தில் ஒரு துளியும் கலையவில்லை.

வலிக்குப் பொருள் கற்பித்தால் என்ன நடக்கும் என்பதைத் தாம்பரத்துக்காரர்கள் வேறெங்கும் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1928இல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் ரயில் நிலையத்துக்கே பெயர் தந்திருக்கிறது. மருந்து இல்லாத அந்நாளில் நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, ஒழுங்கு இவைதாம் சிகிச்சை. இருந்த ஒரே வழியை அவர்கள் அக்கறையோடு செய்தார்கள். அதே நோய்க்கு வெளியே ஊர் வேறு அர்த்தம் வைத்திருந்தது: பாவம், குடும்பச் சாபம், ஒழுக்கக் கேடு. பின்னாளில் அதே வளாகம் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பெரும் புகலிடமானபோது, அந்தப் பழைய தீர்ப்பு இன்னும் கொடுமையாகத் திரும்பி வந்தது. நோயோடு நோயின் அர்த்தத்தையும் நோயாளியே சுமந்தார். எழுத்தாளர் சூசன் சோண்டாக் 1978இல் காசநோயையும் புற்றுநோயையும் வைத்து எழுதியது இதைத்தான். இன்னொரு பாடமும் சென்னையில் கிடைத்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மாத்திரை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டிலேயே இருந்த ஏழை நோயாளிகளையும், அதே மாத்திரையோடு சானடோரியத்தில் ஓய்வும் உணவுமாக இருந்தவர்களையும் ஒப்பிட்டது. மருந்தை ஒழுங்காக எடுத்தால் வீட்டிலிருப்பவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகிறார்கள் என்று 1959இல் வெளியான முடிவு உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றியது. பல மாதக் கட்டிலும் குடும்பத்தைப் பிரிந்திருப்பதும் குணமாவதன் தவிர்க்க முடியாத பகுதி என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவை இல்லாமலும் குணமாகலாம் என்பது சோதித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தலைவலி இல்லாமலும் அரிசியைக் குறைக்கலாம் என்பதும் இந்த வரிசையில் வரும் ஒரு சிறிய செய்தி.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது ஒன்று. கஷ்டமே இல்லாத கட்டுப்பாடு நிலைக்குமா? எளிதாக வந்ததை மனிதன் எளிதாக விட்டுவிடுகிறான். முதல் வாரத்தைப் பல்லைக் கடித்துத் தாண்டியவனுக்குத்தான் உறுதி பிறக்கிறது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த உணவுமுறையில் உறுதியைச் சோதிக்கும் கஷ்டத்துக்குப் பஞ்சமில்லை. அது உப்பால் தீராதது. உறவுக்காரர் கல்யாணத்தில் இலை போட்டு, பெண்ணின் அப்பாவே பக்கத்தில் நின்று “ஒரு கரண்டி சாம்பார் சாதம் மட்டும்” என்று பரிமாற வரும்போது கையால் இலையை மறைப்பது. பொங்கலன்று வீடே மணக்கும் வெண்கலப் பானைக்கு முன்னால் நிற்பது. நாற்பது வருடம் சோறு வடித்துப் போட்ட அம்மாவிடம் உன் சோறு எனக்கு வேண்டாம் என்று அவர் மனம் நோகாமல் சொல்வது. கோயிலில் தொன்னையில் வாங்கிய புளியோதரையை என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறதே, அது உண்மையிலேயே சமயக் கேள்வி. ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்வது நல்ல விடை என்பது என் எண்ணம். பழக்கத்தோடும் பாசத்தோடும் நடக்கும் இந்த இழுபறியைப் பொறுமையால் மட்டுமே தாண்ட முடியும். இருக்கிற பொறுமையை எல்லாம் சோடியக் குறைவில் செலவழித்துவிட்டால் இதற்கு மிஞ்சாது. முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறவர்களில் எத்தனையோ பேர் மனஉறுதி இல்லாதவர்கள் அல்ல, உப்பு இல்லாதவர்கள்.

அடுத்த மறுப்பு நம் மருத்துவ மரபிலிருந்து வருகிறது. தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. பேதிக்குக் கொடுப்பது, வாந்தி எடுக்கச் செய்வது போன்ற வெளியேற்றும் முறைகள் சித்தத்தில் உண்டே, கழிவு என்ற பேச்சை எப்படித் தள்ளலாம் என்று கேட்கலாம். தள்ளவில்லை. ஆனால் சித்த மருத்துவர் பேதிக்குக் கொடுக்கும்போது ஆளைப் பார்க்கிறார், நாடியைப் பார்க்கிறார், அளவு வைக்கிறார், நிறுத்தும் நேரத்தையும் முறிவையும் அறிந்தே கொடுக்கிறார். உப்பு புளி நீக்கிய கடும்பத்தியம்கூட குறிப்பிட்ட மருந்துக்கு, குறிப்பிட்ட நாளுக்கு என்று வகுக்கப்பட்டது. எந்த மருத்துவரும் பார்க்காத ஒருவரின் தலைவலியைத் தொலைபேசியில் கேட்டுக் கழிவு என்று சொல்வதற்கு அந்த மரபில் இடமில்லை. அந்த விளக்கத்தின் பெரிய குறை, அது எதனாலும் பொய்யாகாது என்பது. வலித்தால் கழிவு வெளியேறுகிறது. வலிக்காவிட்டால் கழிவு குறைவு. வலி நீடித்தால் கழிவு அதிகம். எல்லாவற்றையும் விளக்குவது ஆபத்தானது, ஏனென்றால் உண்மையான எச்சரிக்கையையும் அது விளக்கிவிடும். இன்சுலின் போட்டுக்கொண்டு சோற்றை நிறுத்திய பெரியவருக்கு வியர்த்துக் கை நடுங்கும்போது, அதையும் கழிவு என்று சொல்லிக் காத்திருப்பவர் அவருடைய உயிரோடு விளையாடுகிறார்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதே பிழை வருகிறது. அரிசி நம் மண்ணின் உணவு, அதை விட்டால் உடம்பு முரண்டு பிடிக்கத்தான் செய்யும், அந்தத் தலைவலியே அதற்குச் சாட்சி என்பார்கள். சோற்றின்மேல் அவர்களுக்கு இருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் தலைவலியைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியாது. அதை உப்பு கலந்த மோர் தணிக்கிறது என்றால், அது அரிசிக்காக அழவில்லை. பேலியோ சரி என்பதற்கும் அது அத்தாட்சி இல்லை, தவறு என்பதற்கும் இல்லை. நீண்ட நாளைக்கு இந்த உணவு ஒருவருக்குப் பொருந்துமா என்பதை அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும், கொலஸ்டிராலும், சிறுநீரகப் பரிசோதனையும், அவருடைய பணப்பையும், அவர் சைவமா என்பதும் சேர்ந்து முடிவுசெய்யும். முழுவதும் விடாமல் பாதியாகக் குறைப்பதே பலருக்குப் போதுமானதாக இருக்கலாம். முதல் வாரத்துக்கு இதில் வாக்கு கிடையாது.

வலியில் பொருள் தேடுவதால் வரும் கடைசித் தீங்கு, நிறுத்தவேண்டியவர் நிறுத்த முடியாமல் தவிப்பது. உப்பும் நீரும் கீரையும் சேர்த்து, மருத்துவரையும் பார்த்து, மூன்று நான்கு வாரமாகியும் ஒருவருக்கு உடம்பு தேறவில்லை என்றால், அவர் இதை விடலாம். தவமாக எடுத்துக்கொண்டவருக்கு அது விரதபங்கமாகத் தெரிகிறது. வெட்கத்தோடு சில நாள் மறைத்துத் தின்கிறார், பிறகு ஒரேயடியாகப் பழைய தட்டுக்குத் திரும்புகிறார். ஆனால் நம் விரதங்களுக்கு முடிவு உண்டு. ஏகாதசி இருந்தவர் துவாதசியன்று உரிய நேரத்துக்குள் பாரணை செய்தே ஆகவேண்டும்; அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்து உண்பது வழக்கம், உண்ணாமல் நீட்டிப்பதுதான் அங்கே குற்றம். சித்த மருத்துவத்தில் பத்தியம் முடிந்ததும் மறுபத்தியம் என்று ஒன்று இருக்கிறது. மருந்து நின்ற மறுநாளே பழைய உணவுக்குத் தாவாமல், மேலும் சில நாள் கட்டுப்பாட்டோடு இருப்பது. அரிசியை விட்டுப் பார்த்துத் தனக்கு ஒத்துவரவில்லை என்று கண்டவரும் அதுபோல ஒரேயடியாகத் தாவாமல், சிறிது சிறிதாகத் திரும்பி வரலாம். முதலில் ஒருவேளைக்கு ஒரு கைப்பிடி சோறு, பாதித் தட்டுக்குக் காய், கூடவே பருப்போ முட்டையோ. வாரம் ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு, நிறுத்திய மாத்திரையை மருத்துவரைக் கேட்டு மறுபடி தொடங்கிக்கொண்டு.